நெருப்பில்லாமல் பறை ஏது? கிராமியக் கலை மையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

பழைய மிராசுதாரின் பண்ணை வீடு இன்று கலை மையமான கதை நீங்கள் அறிந்ததே. கார்த்திகை மாதம் ஒட்டிய சுற்றறிக்கை பற்றித்தான் இந்த மடல்: "வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது." அதே மாதம் தீபத்தன்று முகப்பு முழுக்க அகல் ஏற்றினீர்கள், அழகாகத்தான் இருந்தது.

பறையின் முகம் மாட்டுத்தோல். மழையிலும் பனியிலும் அது ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். அடித்தால் 'தொப்' என்று விழும், சிம்புக்குச்சி என்னும் நீண்ட மெல்லிய குச்சி துள்ளாது. கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் சுழற்றிக் காய்ச்ச வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகிக் கிழியும். விரலால் சுண்டிக் கணீரென்று வந்தால் போதும். அடைமழை நாளில் இதெல்லாம் அதிக நேரம் தாங்காது, திரும்பவும் காய்ச்ச வேண்டும். அதனால் தெருவுக்குப் போய்க் காய்ச்சி வருவது உதவாது. கூடத்துக்கு வருவதற்குள் பாதி இறங்கியிருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். நன்றி. அதில் தோல் காயாது. சூடேறினால் சட்டத்தின் மரத்துண்டுகளை இணைக்கும் இரும்புத் தகடுதான் ஏறும். பைபர் முகம் போட்ட பறையைக் காய்ச்சத் தேவையில்லை, உண்மை. ஆனால் அதன் குரல் வேறு. தோல்பறையில் அடி பழக வந்த பிள்ளைக்கு அது உதவாது.

கேட்பது ஒன்றுதான்: களத்தில் காய்ச்ச ஒரு குழி. நான்கடிக்கு நான்கடி பேவர் பிளாக்கைப் பெயர்த்து, ஓரடி ஆழம் தோண்டி, அடியில் மணல் பரப்பினால் போதும். பேவர் மேலேயே கொளுத்தினால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் தெறிக்கும். நெல் அடித்த மண் களத்தை அப்படியே விட்டிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு, நெல் கொட்டிய அறைக்கு வழுக்கும் டைல்ஸ்! சுவர் இப்போதே அடியில் பொரிந்து உதிர்கிறது, சலங்கை கட்டி ஆடுபவர் காலை ஊன்றப் பயப்படுகிறார். பழமையைக் காக்கிறோம் என்று வாசலில் பலகை வேறு.

பண்ணையில் உழைத்த கூலியாட்களைக் காக்க 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த தஞ்சை மண் இது. அந்நாளில் பறையடிப்பவர் களத்தோடு நின்றார், திண்ணை ஏறவில்லை. இன்று கூடத்துக்கே அழைக்கிறீர்கள், ஈரப் பறையோடு.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். உங்கள் பயம் புரிகிறது: ஓட்டுக்கூரை, பழைய மரம். அதனால் குழி கட்டடத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். வைக்கோல் தனியே, மூடிய தொட்டியில். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். காற்று பலமாக அடிக்கும் நாளில் மூட்டமாட்டோம். சாம்பலை அணைத்துவிட்டுப் போவது எங்கள் பொறுப்பு.

பொங்கல் விழா அழைப்பிதழில் முதல் நிகழ்ச்சியாகப் பறையாட்டம் அச்சாகியிருக்கிறது. குழிக்கான அனுமதியை அதற்கு முன்பே எழுத்தில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பறைப் பயிற்சியாளர்கள்