சாய்த்துவிட்டால் இட்டாலிக் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்துருக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், இட்டாலிக் என்பது சாதாரண எழுத்தை வலப்பக்கம் சாய்த்து அமைப்பதே என்று ஒரு வரி இடம்பெற்றிருந்தது. பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பலரிடமும் ஊறிப்போன இந்த எண்ணம் சரியல்ல என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இட்டாலிக் பிறந்த இடமே வேறு. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர்கள் விரைந்து எழுதக் கையாண்ட ஓட்டெழுத்தை, வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் அச்சு வெட்டுநர் உலோகத்தில் வெட்டிக் கொடுத்தார். 1500-இல் ஒரு நூலின் மரச்செதுக்குப் படத்துக்குள் சில சொற்களாக மட்டும் தலைகாட்டிய அவ்வெழுத்து, மறு ஆண்டே ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் முழுவதையும் தாங்கிக் கைக்கு அடக்கமான நூலாக வெளிவந்தது. அந்நூலில் பெரிய (கேப்பிடல்) எழுத்துகள் சாயவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; சாய்ந்த சிறிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் அவை நேராகவும் சற்றுக் குட்டையாகவும் நின்றன. சாயாத சாதாரண எழுத்தான நேரெழுத்துக்குத் துணையாக இட்டாலிக் ஒரே வரியில் நிற்கும் வழக்கம் பிறகுதான் வந்தது. தொடக்கத்தில் அது ஒரு நூலைத் தானே நடத்திச் சென்ற எழுத்து.

செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் சிறு பட்டை கொண்ட எழுத்துருவின் நல்ல இட்டாலிக் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், பேனா சென்ற தடம் அப்படியே தெரியும். நேரெழுத்தில் இரண்டு அடுக்காக நிற்கும் ஆங்கிலச் சிறிய 'ஏ' (a), இங்கே ஒரே வட்டமாகி, பக்கத்தில் ஒரு தண்டோடு நின்றுவிடுகிறது. சிறிய 'எஃப்' பெரும்பாலும் வரிக்குக் கீழே வால் இறக்குகிறது. 'என்', 'எம்' ஆகியவற்றின் பாதத்தில் தட்டையாகக் கிடந்த செரிஃப் பட்டை மறைந்து, கடைசிக் கால் மேல்நோக்கிச் சுழித்து, அடுத்த எழுத்தைத் தேடிப் போவதுபோல் முடிகிறது. எழுத்துகள் குறுகுகின்றன, பக்கத்தின் கருமை சற்றே இளகுகிறது. சாய்வு இவற்றுக்கெல்லாம் பிறகு வருவதே. ஆங்கிலேய எழுத்துரு வடிவமைப்பாளர் எரிக் கில் 1930-31-இல் வரைந்த ஜோனா எழுத்துருவின் இட்டாலிக் ஏறத்தாழ மூன்று பாகை மட்டுமே சாய்ந்திருக்கிறது. ஆயினும் அதை இட்டாலிக் அல்ல என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மாற்றுக் கருத்தும் இருந்தது. நேரெழுத்தைச் சாய்த்த வடிவமே அதற்குப் பொருத்தமான துணை என்று ஆங்கிலேய அச்செழுத்து அறிஞர் ஸ்டான்லி மோரிசன் 1926-இல் வாதிட்டார். ஆனால் அவருடைய மேற்பார்வையில் உருவாகி 1932-இல் வந்த டைம்ஸ் நியூ ரோமனின் இட்டாலிக் கூட வெறும் சாய்வாக நின்றுவிடவில்லை. அதில் 'ஏ' ஒற்றை வட்டம்தான்.

கணினி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. உரிய இட்டாலிக் கோப்பு கிடைக்காதபோது மென்பொருள் நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டும். அப்போது வளைவுகளின் தடிப்பு இடம் மாறுகிறது, வட்டமான 'ஓ' நசுங்கிய முட்டையாகிறது, பாதத்துச் செரிஃப்கள் மட்டும் பழையபடி தட்டையாகவே கிடக்கின்றன. தாவரவியல் நூல் ஒன்றுக்கு நான் பக்கம் அமைத்தபோது, என் கணினியில் சரியாக இருந்த இட்டாலிக், அச்சகத்தின் கணினியில் எழுத்துரு இல்லாததால் இப்படிப் போலியாகி, நூல் முழுவதும் அச்சாகிவிட்டது. கட்டிய பிரதியைக் கையில் வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டியதுமே, தாவரப் பெயர்களில் இரண்டடுக்கு 'ஏ' நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

தாவரப் பெயர் என்றதும் பயன்பாடு நினைவுக்கு வருகிறது. உயிரினங்களின் அறிவியல் இரட்டைப் பெயர், நூற்பெயர், கப்பற்பெயர், அயல்மொழிச் சொல், அழுத்திச் சொல்லும் சொல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் இட்டாலிக்கில் இடுவது மரபு. கணிதத்தில் மாறிகள் இட்டாலிக்கிலும், எண்களும் சைன், காஸ் போன்ற சார்புகளின் பெயர்களும் நேரெழுத்திலும் நிற்கும். அங்கே எழுத்தின் வடிவமே பொருளைச் சுமக்கிறது. முழுப் பத்தியும் இட்டாலிக்கில் இருந்தால், அதற்குள் அழுத்தம் வேண்டிய சொல்லை நேரெழுத்துக்குத் திருப்புவார்கள். அழைப்பிதழிலும் கவிதை நூலின் முகப்பிலும் நீள்வாலுடன் கூடிய அலங்காரப் பெரிய எழுத்துகள் மிக அழகாக அமையும், ஆனால் சொல் முழுவதையும் அவற்றாலேயே கோத்தால் ஒன்றோடொன்று சிக்கிப் படிக்கவே முடியாமற் போகும். நீண்ட கட்டுரையைப் பக்கம் பக்கமாக இட்டாலிக்கில் இடுவதையும் நான் ஏற்பதில்லை. குறுகிய எழுத்துகள் நெருங்கி நிற்பதால் கண் விரைவில் களைத்துவிடும். மிகச் சிறிய அளவில் அதன் மெல்லிய கோடுகள் திரையில் உடைந்தும் போகும்.

எனவே, அச்சுக்குக் கோப்பு அனுப்பும்போது எழுத்துருக்களை அதனுள் பொதித்தே அனுப்புமாறும், முதற்படி (மெய்ப்பு) வந்ததும் செரிஃப் எழுத்துருவின் இட்டாலிக்கில் உள்ள சிறிய 'ஏ' ஒன்றைத் தேடிப் பார்க்குமாறும் வடிவமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது இரண்டடுக்காக இருந்தால், உரிய எழுத்துரு வந்து சேரும் வரை அச்சு எந்திரத்தை ஓட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்