பென் டிரைவைக் கொடுக்குமுன் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அக்காள் மகளின் திருமணக் காணொளியை, படம் எடுத்தவர்கள் ஒரு பென் டிரைவில் பதிந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்த விண்டோஸ் மடிக்கணினியில் அதைச் செருகியதும், டிரைவைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்ற கேள்வி திரையில் வந்தது. அத்தான் 'ஆம்' என்பதை அழுத்தப் போன நேரத்தில் பதறிப்போய்த் தடுத்தேன். டிரைவில் பழுதே இல்லை. மேக் கணினியில் தொகுத்தவர்கள், மேக்கிற்கே உரிய கோப்பு முறைமையில், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில், அதை ஃபார்மேட் செய்திருந்தார்கள். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதால், உள்ளே திருமணமே இருந்தும் அழிக்க அனுமதி கேட்டது.

பிறகு, மேக் வைத்திருக்கும் நண்பரிடம் என் பழைய 32 ஜிபி டிரைவைக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னேன். 25 ஜிபி காலியாக இருந்தும் 6 ஜிபி கோப்பு அதில் ஏறவில்லை. அது ஃபேட்32 முறையிலானது. 1996-இல் வந்த அந்த முறை, கோப்பின் அளவை 32 பிட்டுகளில் குறித்துவைப்பதால், 4 ஜிபி அளவுள்ள கோப்பையோ அதைவிடப் பெரியதையோ ஏற்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், மேக் அதைப் படிக்குமே தவிர அதில் எழுதாது.

மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறையில்தான் இந்தச் சிக்கல் தீர்கிறது. மேக் 2010 முதல் அதைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டதும், அதே ஆண்டு வந்த 5.4 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) லினக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்டது. கைமாறும் டிரைவுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது எக்ஸ்ஃபேட்தான்.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவை உருவினால், அந்தக் கோப்பு மட்டுமல்ல, கோப்புறையே கெட்டுப்போகக்கூடும். எனவே 'எஜெக்ட்' கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். ஒரே பிரதியை அதில் வைத்திருக்கவும் கூடாது.

ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: டிரைவைக் கொடுக்குமுன், 'எதில் போட்டுப் பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். பழைய தொலைக்காட்சி என்று பதில் வந்தால், அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். ஃபேட்32-இலேயே, காணொளியை 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாக்கிக் கொடுங்கள். டிரைவை வாங்கிச் செல்பவர்கள், ஃபார்மேட் செய்யலாமா என்று திரை கேட்டால் 'ரத்து' என்பதை அழுத்திவிட்டு, பதிந்து கொடுத்தவரை முதலில் தொலைபேசியில் அழையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி