பைலட் தப்பா கேட்டார்னு ஒரே வரில முடிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல விமான விபத்துகள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்ல உழைப்பு, ஆனா ஒவ்வொண்ணையும் கடைசில "டவர் (விமானங்களுக்கு ரேடியோல உத்தரவு கொடுக்கற கன்ட்ரோல் ரூம்) சொன்னதை பைலட் தப்பா புரிஞ்சுக்கிட்டார்"னு முடிச்சது மனசு ஒப்பல. நான் பைலட் கிடையாது, ஏர்போர்ட்ல ரன்வே பக்கம் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவன். நாங்களும் ரன்வேயை கிராஸ் பண்ணணும்னா வாக்கி டாக்கில டவர்கிட்ட கேட்டு, அவங்க சொன்னதை வண்டி நம்பரோட அப்படியே திருப்பிச் சொல்லணும், அதுக்குப் பேரு ரீட்பேக். பக்கத்துல ஃப்ளைட் இன்ஜின் ஓடுறப்ப செட்டை காதோட அழுத்திப் பிடிச்சாலும் பாதி வார்த்தைதான் விழும், மீதியை மனசே நிரப்பிக்கும், அதுவும் நாம எதை எதிர்பார்த்துட்டு இருக்கோமோ அதை வெச்சுத்தான் நிரப்பும்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடால நடந்ததைப் பாருங்க. நிலநடுக்க நிவாரணப் பொருளோட கிளம்ப இருந்த கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) விமானத்துக்கு டவர் சொன்னது "நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட் சி5 வரைக்கும் போங்க", அதாவது ரன்வேக்கு வெளியே காத்திருக்கற இடம் வரைக்கும், அவ்ளோதான். ரீட்பேக்கும் சரியாவே வந்துச்சு. ஆனா அந்த விமானம் சி5ல நிக்காம ரன்வேக்குள்ள போய் சுமார் 40 செகண்ட் நின்னுச்சு, இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதுமேல மோதிடுச்சு. ஏ350ல இருந்த 379 பேரும் தப்பிச்சாங்க, கோஸ்ட் கார்டு விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் போயிட்டாங்க. டேக்ஆஃப் வரிசைல நீங்கதான் முதல்னு சொன்னதை ரன்வேக்குள்ள போக பர்மிஷன்னே எடுத்துக்கிட்டாங்க. சரி, அது அவங்க தப்புன்னே வெச்சுப்போம். ஆனா ரன்வேல விமானம் நிக்குதுன்னு டவர் ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்தும் யாரும் கவனிக்கல, ரன்வே வாசல்ல சிவப்பா எரியற ஸ்டாப் பார் லைட்டும் பராமரிப்பு வேலைனால அன்னிக்கு எரியல. இதெல்லாம் உங்க கட்டுரைல இல்லையே சார்.

1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரீஃப் தீவுல நடந்த விபத்தும் அப்படித்தான். செம பனிமூட்டம், ரன்வேல கேஎல்எம், பான் ஆம்னு ரெண்டு கம்பெனியோட ஜம்போ விமானங்கள், டவர்லேர்ந்து ரெண்டையும் பார்க்க முடியல, தரைல எந்த விமானம் எங்க இருக்குன்னு காட்டற கிரவுண்ட் ரேடாரும் கிடையாது. கேஎல்எம் விமானம் கிளம்பறோம்னு சொன்னதும் டவர் "ஓகே"ன்னு ஆரம்பிச்சு, வெயிட் பண்ணுங்க கூப்பிடறேன்னு முடிச்சாங்க, அதே நேரத்துல பான் ஆம் பைலட்டும் நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்னு பதறிப் பேச, ஒரே ஃப்ரீக்வென்சில ரெண்டு பேர் பேசினதால கேஎல்எம் காக்பிட்ல அந்த "ஓகே" தாண்டி வெறும் கீச்சுன்னு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறமும் ஒரு வாய்ப்பு இருந்துச்சு, அதை நினைச்சாதான் எனக்கு வயிறு எரியும், கேஎல்எம் ஃப்ளைட் இன்ஜினியர் அந்த பான் ஆம் இன்னும் விலகலையான்னு கேட்டார், கம்பெனியோட சீனியர் டிரெயினிங் கேப்டன் விலகிடுச்சுன்னு அழுத்திச் சொன்னதும் அவர் அதுக்கு மேல கேக்கல. கேஎல்எம் போய் பான் ஆம் மேல மோதி 583 பேர் போயிட்டாங்க. சந்தேகம் வந்தா ஜூனியரும் தைரியமா மறுபடி கேக்கணும்னு காக்பிட் டிரெயினிங்கே மாறினதுக்கு இந்த விபத்து ஒரு முக்கிய காரணம்.

நம்ம நாட்டுல 1996 நவம்பர் 12, ஹரியானால சர்க்கி தாத்ரிக்கு மேல சவுதி விமானமும் கசாக் விமானமும் நடுவானத்துல மோதி 349 பேர் போயிட்டாங்க, சவுதி விமானத்துல வேலைக்குப் போன நம்ம ஆளுங்க எவ்ளோ பேரு. கசாக் விமானம் 15,000 அடியில நிக்கணும்னு உத்தரவு, அதுக்குக் கீழே இறங்கினது தப்புதான். ஆனா வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வழி, டெல்லி கன்ட்ரோலர் பார்த்த ரேடார்ல உயரம் தெரியாது, பைலட் வாயால சொல்றதை நம்பறதைத் தவிர அவருக்கு வேற வழியே இல்ல. அதுக்கப்புறம்தான் வேற விமானம் நெருங்கினா சொல்ற எச்சரிக்கை கருவி விமானத்துலயே கட்டாயம்னு கொண்டு வந்தாங்க.

அதனால ஒரு கோரிக்கை. நம்ம ஏர்போர்ட்கள்ல எங்கெல்லாம் கிரவுண்ட் ரேடார் இருக்கு, எந்த ரன்வேல ஸ்டாப் பார் லைட் எரியுது, கன்ட்ரோலருங்க தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஹெட்செட்டை மாட்டிட்டு உட்கார்றாங்கன்னு உங்க நிருபரை விட்டு விசாரிச்சு எழுதுங்க. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டாலே பாதி பதில் கிடைச்சிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லாவரம்