அப்பாவின் தூக்கம்

பாளையங்கோட்டை

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஃபோன் பண்ணினால் 'மீட்டிங் இருக்கும்மா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். வேளாவேளைக்குச் சாப்பிடு. முருகன் மாமா வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது. யார் பக்கம் முடிந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

உன்னிடம் சொல்லாமல் இருந்தோம், ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. கூடத்துக் கடிகாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிப்பதை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார். பாலில் ஜாதிக்காய், உள்ளங்காலில் விளக்கெண்ணெய், சாயங்காலக் காப்பி கட், எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படிப் போய், அது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மையாம். டாக்டர் மாத்திரை எழுதாமல் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் அனுப்பினார். 'எனக்கென்ன பைத்தியமா' என்று குதித்தாலும் மனுஷன் போனார். அந்த வயசில் போனாரே, அதைச் சொல்.

மேடம் தூங்கவைக்கிறேன் என்று சொல்லவே இல்லையாம். முழிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டார்களாம். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்குப் போடுவார், நாளைக்குத் தலை சுற்றுமே என்று பயப்படுவார். அந்த மல்லுக்கட்டுதான் உடம்பை முழித்தே வைக்கிறது என்கிறார்கள். கோழியை விரட்டினால் கூரையில்தானே ஏறும். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980களில் தொடங்கிய முறை, பெயர் 'ஆக்ட்'. மனசில் வருவதை விரட்டாமல் ஏற்றுக்கொண்டு, நம் வேலையைப் பார்க்கப் பழக்குவது. கவலைக்கும் தீராத வலிக்கும் கொடுத்ததை இப்போது தூக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். தூக்கத்துக்கு முதலில் சொல்வது, தூக்கப் பழக்கத்தையும் நினைப்பையும் மாற்றுகிற சிபிடி-ஐ என்ற இன்னொன்றைத்தானாம், ஆதாரமும் அதற்குத்தான் அதிகம். அதில் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னதும் அப்பா முரண்டு பிடித்தார், அதனால் இது.

கடிகாரம் இப்போது பரணில். 'இன்றைக்கும் தூக்கம் வராது' என்று தோன்றினால், 'தூக்கம் வராது என்று ஒரு எண்ணம் வருகிறது' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நெஞ்சு படபடத்தால் அடக்கப் பார்க்காமல், எங்கே படபடக்கிறது என்று கவனித்தபடி படுத்திருக்க வேண்டும். தூங்காத மறுநாளும் வாக்கிங், லைப்ரரி எதையும் நிறுத்தக் கூடாது. ஆரம்பத்தில் ஒருநாள் இருட்டில் என்னை உலுக்கி எழுப்பி, 'நான்தான் ஏத்துக்கிட்டேனே, இன்னும் ஏன் வரலை?' என்றார். மேடத்திடம் சொன்னபோது சிரித்துவிட்டார்களாம். தூக்கம் வரட்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்டால் அதுவும் விரட்டல்தானாம்.

இப்போதும் சில ராத்திரி முழித்துத்தான் கிடக்கிறார். ஆனால் காலையில் என்மேல் எரிந்து விழுவதில்லை, எனக்கு அது போதும்.

பத்தாவதில் நீ ராத்திரி பகலாகப் படித்து ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்ததை இன்னும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கம்தானோ என்னவோ, வாட்ஸப்பில் உன் பெயருக்குக் கீழே மூன்று மணி, மூன்றரை என்று காட்டுகிறது. அதையெல்லாம் ஏன் பார்க்கிறாய் என்று கோபப்படாதே. நீ பேசினால் நான் ஏன் அதைப் பார்க்கப்போகிறேன்? பொங்கலுக்கு வந்தபோது உன் பையில் அழுக்குத் துணி எடுக்கையில் ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தலைவலி மாத்திரையாக இருக்கும். பொதுவாகச் சொல்கிறேன், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகப் பட்டென்று நிறுத்தக் கூடாதாம், டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பத்மா அக்கா அடுத்த வாரம் பெங்களூரு வருகிறாள். முந்திரிக்கொத்தும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு, போன தடவை கொடுத்ததே இன்னும் வரவில்லை. அப்புறம், அந்த மேடம் வீடியோ காலிலும் பார்ப்பார்களாம். நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. நீ கேட்டதாக அவர் என்னிடம் சொல்லமாட்டார்.

அன்புடன்,
அம்மா