புயல் பாதுகாப்பு மையத்தின் சாவியைக் கிராமத்திலேயே ஒப்படைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
வடகடல் கரை மீனவர் குடியிருப்பு,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் புயல் பாதுகாப்பு மையத்தைச் சீர்செய்து, சாவியை ஊரில் வைத்திருக்க ஆணையிடக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐப்பசி பிறக்கப்போகிறது. வாடைக்காற்று எழுந்தால் முதல் அடி பாக் நீரிணைக் கரையில் இருக்கும் எங்களுக்குத்தான். வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். ஓலைக் கூரைகளைப் பிரித்து வேய்ந்தாயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் போட்டவர்கள் மணல் மூட்டை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் பாலித்தீன் பையில் சுருட்டி, மூடி போட்ட தூக்குச்சட்டிக்குள் இருக்கின்றன. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் யார் வத்தைப் படகை யார் கரையேற்றுவது, கழற்றிய இன்ஜினை எந்த வீட்டில் வைப்பது என்பதுவரை பேசி முடித்தோம். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பரைச் சிறுமியாகக் கண்ட பாட்டி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். காற்று திசை மாறினால் அவர் முதலில் கோழிகளை அவிழ்த்து விடுவார். பிறகுதான் எங்களை எழுப்புவார்.

எங்கள் கையில் இல்லாதது பாதுகாப்பு மையத்தின் சாவி ஒன்றுதான்.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வீடுகளில் அடுப்புத் திட்டுவரை தண்ணீர். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. சாவி வைத்திருந்தவர் வெளியூரில். சாலை மூழ்கியதால் வர முடியவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்பட அனைவரும் மூன்று மணி நேரம் வராந்தாவில் நனைந்தோம். கடைசியில் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தோம். உள்ளே தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உடைத்தது எங்கள் தவறுதான் என்று குழுப் பணத்தில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தோம். அதன் சாவியும் வெளியூருக்கே போய்விட்டது.

ஆகவே ஒரு சாவி எங்கள் குழுவிடமும், இன்னொன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்க ஆணையிட வேண்டுகிறோம். தொட்டி, தாழ்ப்பாள், விளக்கு ஆகியவற்றை அக்டோபர் 15க்குள் சரிசெய்து, ஒருநாள் எங்களை வைத்தே திறந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஏறச் சாய்தளமும் தேவை. நவம்பர் மாத ரேஷன் அரிசியை அக்டோபர் கடைசி வாரத்திலேயே வழங்கினால், கடலுக்குப் போக முடியாத நாட்களில் கடன் வாங்காமல் உலை வைப்போம். 2020 டிசம்பரில் புரெவி புயல் கரையருகே நகராமல் நின்றபோது பட்ட பாட்டை மறக்கவில்லை.

சாவியைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும், மாதம் ஒருமுறை மையத்தைக் கூட்டிப் பெருக்கவும் எங்கள் குழு எழுத்துமூலம் பொறுப்பேற்கிறது. தீர்மான நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு உறுப்பினர்கள்