படத்தில் இருப்பது குட்டிச் சிங்கி இறால் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்தீவுகளின் பவளப்பாறைகளைப் பற்றிய கட்டுரையுடன் தாங்கள் வெளியிட்ட படத்தில், இறகு நட்சத்திரம் என்னும் கடலுயிரியின் கைகளுக்கிடையே இருந்த கோடு போட்ட சிற்றுயிரைக் 'குட்டிச் சிங்கி இறால்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது இரண்டு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்துவிட்ட உயிரினம். ஸ்குவாட் லாப்ஸ்டர் வகையைச் சேர்ந்த அல்லோகலத்தியா என்னும் பேரினம். பெயரில் லாப்ஸ்டர் என்றிருந்தாலும், அதன் நெருங்கிய உறவினர் துறவி நண்டும் பீங்கான் நண்டுமே.

இதை அறியக் கால்களை எண்ணினாலே போதும். தேக்கா சந்தையில் நாம் பார்க்கும் சிங்கி இறாலுக்கு இடுக்கிகள் கிடையா. ஐந்து இணைக் கால்களும் வெளியே தெரியும். இதற்கோ நீண்ட இடுக்கிகள் ஓர் இணையும், நடக்கும் கால்கள் மூன்று இணையும் மட்டுமே தெரியும். ஐந்தாவது இணை மிகச் சிறுத்து, உடலோடு ஒட்டி மடங்கிச் செவுள்களைத் துப்புரவு செய்யப் பயன்படுகிறது. வால்பகுதியும் சிங்கி இறாலைப்போல் நீண்டு கிடக்காமல் அடியில் வளைந்திருக்கும்.

நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஹந்து தீவருகே முக்குளித்தபோது நானும் அப்படித்தான் ஏமாந்தேன்: ஒன்று கருஞ்சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளைக் கோடுகளுடனும் இருந்ததால், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று குறித்துக்கொண்டேன். தங்கும் இறகு நட்சத்திரத்திற்கேற்ப நிறம் மாறுபடும் என்பது பின்னரே தெரிந்தது. கண்களுக்கிடையே இலைபோல் முன்னோக்கி நீளும் ஓட்டின் முனையையும், அதன் ஓரத்துச் சிறு பற்களையும் பார்த்திருந்தால் அல்லோகலத்தியா என்பதிலாவது தவறியிருக்க மாட்டேன்.

1848இல் ஆடம்ஸ், ஒயிட் என்ற உயிரியலாளர்கள் 'எலிகன்ஸ்' என்ற இனத்தை விவரித்தார்கள். நெடுங்காலம் இந்தப் பேரினத்தில் அந்த ஓர் இனமே உண்டு எனக் கருதப்பட்டது. 2011இல் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்த வல்லுநர்கள் அதை நான்காகப் பிரித்தனர். அவற்றுள் 'லாங்கிமானா' என்பதற்கு நீண்ட கையுடையது என்றே பொருள். ஆதலால் இனத்தைப் பிரித்தறிய உதவும் இடுக்கிகளின் முழு நீளம் தெரியாத தங்கள் படத்தைக் கொண்டு இனப்பெயரை உறுதி செய்ய இயலாது. 'அல்லோகலத்தியா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும். அடுத்த இதழில் அவ்வாறு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

படமெடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: இடுக்கி தெரியவேண்டுமென்று இறகு நட்சத்திரத்தின் கைகளை விலக்காதீர்கள், அவை எளிதில் ஒடிந்துவிடும்.

இப்படிக்கு,
கடற்கரை நடைத் தன்னார்வலர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்