புகார்: ‘பாங்க் பான்’ ஓபராவின் டிஸா ஆற்றங்கரைக் காட்சி எங்கே?

பெறுநர்: குறைதீர்ப்புப் பிரிவு, இணைய ஒளிபரப்பு நிறுவனம்

பொருள்: ஹங்கேரியின் தேசிய ஓபரா சிறப்புக் காட்சிகளில் உள்ள குறைகள், கட்டணத்தைத் திரும்பக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலியில் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதற்கு மேல் தனிக் கட்டணமும் செலுத்தி, இசையமைப்பாளர் எர்கெல் ஃபெரென்ட்ஸின் ‘பாங்க் பான்’ ஓபராவின் (பாடல்களாலேயே நடத்தும் மேடை நாடகம்) சிறப்புக் காட்சிகளை வீட்டில் அம்மாவோடு பார்த்தேன். முதல்முறை பார்ப்பவருக்கும் முழுக் கதை விளங்கும்படி தொகுத்திருப்பதாக உங்கள் அறிவிப்பில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

கடைசிக் காட்சியில், போர் முடிந்து திரும்பிய அரசர் எந்த்ரேவின் சபைக்கு இரண்டு உடல்களைத் தூக்கி வருகிறார்கள். கதாநாயகனான பிரபு பாங்க் அவற்றின் மேல் விழுந்து கதறுகிறான். “யார் செத்தது? இவன் ஏன் அழறான்?” என்று அம்மா கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இறந்தது பாங்கின் மனைவி மெலிந்தாவும் அவர்கள் குழந்தையும். புத்தி பேதலித்த மெலிந்தா, குழந்தையோடு புயலில் டிஸா ஆற்றுக்குள் விழுந்து இறக்கிறாள். அந்தக் காட்சி முழுவதையும் வெட்டிவிட்டீர்கள். மனைவியை ஊருக்குக் கூட்டிப் போகும்படி பாங்க் கிழக் குடியானவன் திபோர்ட்ஸிடம் ஒப்படைப்பது இருக்கிறது, ராணி கெர்த்ரூதிஸ் குத்துப்பட்டுச் சாவது இருக்கிறது. அதன்பின் நேராக இரண்டு பிணங்கள். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சிறப்புக் காட்சிகள் என்றால் வெட்டத்தான் வேண்டும், சரி. ஏறக்குறைய மூன்று மணி நேர ஓபராவை எல்லாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. என் அம்மாவாலும் முடியாது. வீட்டிலேயே கிடப்பவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருப்பது பெரிய விஷயம். தொடக்க விருந்தில் கொஞ்சம் குறைத்திருக்கலாம், சேர்ந்திசைப் பாடல்களில் ஒன்றிரண்டை விட்டிருக்கலாம். ஆனால் கதையின் முதுகெலும்பையே உருவிவிட்டு மிச்சத்தை விற்பது நியாயமா?

இது ஹங்கேரியர்களுக்குச் சாதாரணப் படைப்பு அல்ல. 1213-இல் ராணி கொல்லப்பட்ட உண்மைச் சம்பவத்தை வைத்து கடோனா யோஜெஃப் நாடகம் எழுதினார். 1848 மார்ச் 15 அன்று புரட்சி வெடித்தபோது, பெஸ்ட் நகர மக்கள் கேட்டு மேடையேற்றச் சொன்னது அந்த நாடகத்தைத்தான். எர்கெலின் ஓபரா 1861 மார்ச் 9 அன்று அரங்கேறியது. 1884-இல் புடாபெஸ்டின் ஓபரா மாளிகையைத் திறந்த அன்றும் இதன் முதல் அங்கத்தைத்தான் பாடினார்கள், எர்கெலே நடத்தினார். அந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவரும் அவரே. இவ்வளவு பெரிய மனிதரின் பெயரை உங்கள் விவரப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூடக் காணோம்!

அடுத்தது விளம்பரம். ‘ஹஸாம், ஹஸாம்’ (‘என் தாய்நாடே, என் தாய்நாடே’) இந்த ஓபராவிலேயே எல்லாரும் காத்திருந்து கேட்கும் பாடல். ராணியைச் சேர்ந்த அந்நியர் கூட்டம் நாட்டைச் சுரண்டுகிறது, வீட்டிலோ மனைவியின் மானம் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்று பாங்க் பாடுகிறான். பாடகர் கடைசிச் சுரத்தைப் பிடித்து நிற்கிறார், வாத்தியங்கள் இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் ‘அடுத்து பாருங்கள்’ என்ற பெட்டி வசனவரிகளை மறைத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் சமையல் எண்ணெய் விளம்பரம். தனிக் கட்டணம் வாங்கியபின் விளம்பரமே கூடாது. போட்டே ஆக வேண்டும் என்றால் காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் போடுங்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் மெலிந்தா பாடும்போது சிம்பாலோம் வாசிப்பார்கள். நம் சந்தூரின் உறவுக்காரக் கருவி அது, குச்சிகளால் தந்தியைத் தட்டி வாசிப்பது. அதுவரை நாட்டார் இசைக்குழுக்களில் ஒலித்ததை ஓபரா வாத்தியக் குழுவில் கொண்டுவந்து உட்காரவைத்தவர் எர்கெல். மெல்ல நடுங்குகிற அந்த ஓசையில்தான் மெலிந்தாவின் நிலை தெரியும். உங்கள் ஒளிபரப்பிலோ எல்லா ஓசையும் ஒரே மட்டத்தில் வருகிறது. சிம்பாலோம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் இருந்தது. எங்கள் தொலைக்காட்சியில் குறை இல்லை. அதே பெட்டியில் மற்ற கச்சேரிகள் நன்றாகத்தான் கேட்கின்றன.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு, ‘இணைய வேகத்தைச் சரிபார்க்கவும், செயலியைப் புதுப்பிக்கவும்’ என்று பதில் வந்தது. இணைய வேகத்தைக் கூட்டினால் வெட்டிய காட்சி திரும்பி வந்துவிடுமா? என் கடிதத்தை ஒரு மனிதர்கூடப் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

எனவே டிஸா ஆற்றங்கரைக் காட்சியைச் சேர்த்து, தொகுப்பைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். எந்தக் காட்சிகள் உள்ளன, எவை இல்லை என்று பணம் வாங்குவதற்கு முன்பே பக்கத்தில் எழுதுங்கள். இசையமைப்பாளர் பெயரையும் பாடுபவர்கள், வாசிப்பவர்கள் பெயர்களையும் போடுங்கள். ஒலியை மட்டப்படுத்தாமல் அப்படியே கேட்கும் வசதியையும் கொடுங்கள். நான் கட்டிய தனிக் கட்டணம் எனக்குத் திரும்ப வர வேண்டும். பணம் செலுத்திய ரசீதின் நகலை இணைத்துள்ளேன். இதைப் படித்துப் பார்த்த அலுவலர் ஒருவரே பதில் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்